பழைய கூரை எங்கே போகிறது?

வீட்டு மேல்தளம் ஒழுகத் தொடங்கிவிட்டால் குடும்பத்தில் ஒரு மகாநாடு கூடுவது வழக்கம். மைத்துனர் கான்கிரீட் போட வேண்டும் என்பார். மாமனார், "அந்தக் காலத்துத் தளம் நூறு வருஷம் நின்றது, அதையே செப்பனிடுங்கள்" என்பார். எதிர்வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே, தகரம் போடுவதுதான் சிக்கனம் என்று வந்து சொல்லுவார். புதிதாக என்ன போடுவது என்பதைப் பற்றி யோசனை சொல்ல இப்படி ஊரே திரண்டு வரும். பழையதை எங்கே போடுவது என்று கேட்பவர் மட்டும் அந்த மகாநாட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்.

பெரம்பூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிட அவசரமானது. பிரம்பு மண்டிக் கிடந்த இடமாதலால் பிரம்பூர் என்று பெயர் வந்து, அதுவே பெரம்பூர் ஆயிற்று என்பார்கள். பெயருக்குக் காரணம் பிரம்பாக இருக்கலாம். ஊர் பெருகியதற்குக் காரணம் ரயிலும் பஞ்சாலையுமே. 1856-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கித் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. பிறகு பெரம்பூரில் ரயில்வேத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பக்கத்திலேயே பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. ஆலைச் சங்கைக் கேட்டு அடுப்பு மூட்டிய குடும்பங்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. 1955-ல் காந்தி ஜயந்தி தினத்தன்று ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேருஜி திறந்து வைத்தார். 1996-ல் ஆலைகளை மூடிவிட்டார்கள். சங்கு ஓய்ந்தது, வீடுகள் நின்றன. கணக்கரும், ·போர்மனும், பிட்டரும், நெசவாளியும் தங்கள் சேமிப்பையும் கடனையும் கூட்டிக் கட்டிய வீடுகள் அவை. அவற்றின் தலைமேல் இருப்பவற்றுக்கெல்லாம் இப்போது ஏறக்குறைய ஒரே காலத்தில் வயதாகிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தலைகளில் நாலு விதம் உண்டு. மிகப் பழையது மெட்ராஸ் டெரஸ் என்று உலகம் முழுவதும் கட்டடக்காரர்கள் நம் ஊர்ப் பெயரையே வைத்து அழைக்கும் தளம். இரண்டாவது மங்களூர் ஓடு. மூன்றாவது கல்நார் கலந்த ஸிமெண்டுத் தகடு. ஜனங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று சொல்வது இதைத்தான். நாலாவது இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட். இந்தக் கடைசி விதமும் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, வீங்கி, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மடியில் துண்டு துண்டாக விழத் தொடங்கியிருக்கிறது.

முதலில் டெரஸைப் பார்ப்போம். அதன் கனம் என்னவென்று அதன் அடியில் படுத்து உறங்கும் நமக்கே தெரியாது.

சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள், பெரும்பாலும் பர்மாத் தேக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டிருப்பார்கள். அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சிறிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, மூலை மாற்றிச் சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக் கொடுப்பதில்லை. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலம் பரப்பி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேலே இரண்டு வரிசை தட்டோடு. எல்லாம் சேர்ந்து எட்டு, எட்டரை அங்குலம்.

இப்பொழுது ஒரு கணக்கு. 500 சதுர அடித் தளம் என்று வைத்துக்கொள்வோம். பெரம்பூர்ச் சந்துகளில் இது சாதாரண வீடுதான். எட்டரை அங்குலக் கனத்துக்கு அது சுமார் 350 கன அடி. ஒரு கன அடி கிட்டத்தட்ட 50 கிலோ நிற்கும். ஆகவே மொத்தம் 17 டன்னுக்கு மேல். மரத்தை இதில் சேர்க்கவில்லை. இறுகிக் கிடந்ததை உடைத்துக் குவித்தால் இடையில் காற்றுப் புகுந்து 500 கன அடிக்குக் குறையாமல் பெருகும். லாரிக்காரர் பாஷையில் ஐந்து யூனிட். ஒரு சித்தாள் இரும்புச் சட்டியில் 15 கிலோ வீதம் தலையில் சுமந்து இறக்குவதானால் ஆயிரத்து நூறு தடவைக்கு மேல் ஏணியில் ஏறி இறங்கவேண்டும். 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கப்படுகிற சிறு வண்டி ஒரு நடைக்கு முக்கால் டன் எடுக்கும். அதற்கு இருபத்து மூன்று நடை. நம் குடும்ப மகாநாட்டில் யாரும் பிரஸ்தாபிக்காத விஷயத்தின் பரிமாணம் இது.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று கற்பனை செய்துகொள்வோம். அவர் சற்று யோசனை உள்ளவர். மேஸ்திரி கூலி பேச வரும்போது கேட்கிறார்:

"மேஸ்திரி, இடிச்சு எடுக்கற ரப்பீஸை எங்கே கொண்டுபோய்ப் போடுவீங்க?"

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு ஸார்? ராத்திரியோட ராத்திரியா வண்டி வரும். காலையிலே நீங்க எழுந்து பார்த்தா வாசல் சுத்தமா இருக்கும்."

"அது சரி, வண்டி எங்கே போகும்?"

"எல்லாரும் எங்கே போடறாங்களோ அங்கேதான் ஸார்."

இதற்குள் வீட்டு அம்மாள் உள்ளிருந்து, "தேக்குக் கட்டையை எவ்வளவுக்கு எடுத்துக்கிறாங்களாம், அதைக் கேளுங்க" என்கிறார். பேச்சு அங்கே திரும்பிவிடுகிறது.

எல்லாரும் போடும் இடம் எது? காலி மனை, ரயில்பாதை ஓரம், ஏரிக்கரை, கால்வாய்க்கரை. அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக வந்து பேஸின் பாலத்தருகே பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கும் ஓட்டேரி நல்லாவைப் பெரம்பூர்வாசிகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பதினோரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். வட சென்னையின் மழைத் தண்ணீரில் பெரும் பங்கு அதன் வழியாகத்தான் இறங்கவேண்டும். சாக்கடைக் குப்பை மிதந்து போகும், வாரினால் வரும். செங்கல்லும் காரையும் அப்படி அல்ல. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, சேற்றைப் பிடித்துக்கொண்டு, நாளடைவில் திட்டாகிவிடும். திட்டின்மேல் அடுத்த லாரிக்காரர் இன்னும் தைரியமாகக் கொட்டுவார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. வெள்ளத்துக்குக் காரணம் பல. கடலும் மேகமும் நம் கைக்குள் அடங்கியவை அல்ல. ஆனால் கால்வாயின் அடியில் கிடக்கும் தட்டோடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. போன வருஷம் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் வடாம் உலர்ந்த தட்டோடுதான் அது.

தெருவைப் பற்றி நமக்கு ஒரு விசித்திரமான மனோபாவம் இருக்கிறது. நம் வாசற்படிக்கு இந்தப் பக்கம் கோலம். அந்தப் பக்கம் சர்க்கார். அந்நியன் ஆண்ட காலத்தில் அந்த நினைப்புக்கு ஒரு நியாயமாவது சொல்லலாம். தெரு நம்முடையதாகி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்னும் கல்லையும் மண்ணையும் அதில் இறக்கிவிட்டு, "கார்ப்பரேஷன் வந்து அள்ளட்டும்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் இந்த மாதிரி வேலைக்கு ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு வாங்கி வாசலில் வைத்துக்கொள்கிறார்கள். கூரை பிரிப்பவர்கள் மேலிருந்து நேரே அதற்குள் தள்ளிவிடுவார்கள். நிரம்பியதும் கம்பெனி லாரி வந்து தொட்டியோடு தூக்கிப் போய்விடும். அதற்கு டம்ப்ஸ்டர் என்று பெயர். டென்னஸி மாகாணத்தில் நாக்ஸ்வில் என்ற ஊரில் கட்டட வேலை எடுத்து நடத்திவந்த டெம்ப்ஸ்டர் சகோதரர்கள் 1935-ம் வருஷ வாக்கில் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். கொட்டுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லையும் தங்கள் குடும்பப் பெயரையும் ஒட்டுப் போட்டுப் பெயர் சூட்டினார்கள். அவர்களில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்பவர் பிற்காலத்தில் அந்நகரத்துக்கு மேயரும் ஆனார். குப்பைத் தொட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு ஒருவர் மேயராகிறார் என்றால் அந்த ஊர் ஜனங்களைப் பாராட்டத்தான் வேண்டும். நம் நகரசபைகளில் 'டம்பர் பிளேஸர்' என்று தொட்டியோடு தூக்கும் வண்டி இருக்கிறதே, அதுவும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே.

"அதேபோல் பெரம்பூரிலும் ஒரு தொட்டியை வாடகைக்கு எடுத்தால் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். யோசனை நல்லதுதான், ஆனால் சந்தும் சம்மதிக்க வேண்டும், எடையும் சம்மதிக்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரணக் கூரை பலகைமேல் தார் பூசிய மெல்லிய தகடுகளை ஆணி அடித்தது. 100 சதுர அடிக்கு சுமார் 110 கிலோ. 500 சதுர அடிக்கு அரை டன்னைச் சற்றே தாண்டும். நம் டெரஸோ 17 டன், முப்பது பங்கு! அங்கேயும் செங்கல், கான்கிரீட் போன்ற கனமான சரக்கு என்றால் பெரிய தொட்டி கொடுக்கமாட்டார்கள். 270 கன அடி கொள்ளும் பத்து கெஜத் தொட்டிதான் பெரும்பாலும் கொடுப்பார்கள். பெரியதை நிரப்பினால் லாரி தூக்காது, தூக்கினாலும் சாலைச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே நம் வீட்டுக்கு வேண்டியது ஒரு பெரிய தொட்டி அல்ல. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து போகும் சிறு வண்டிகள். இன்று பிரித்ததை இன்றே எடுத்துவிடுகிற ஒழுங்குதான் அந்தத் தொட்டியின் உயிர். இரும்புப் பெட்டி இல்லாமலும் அதைக் கடைப்பிடிக்கலாம்.

இனி, எடுத்தது எங்கே போகவேண்டும்? பெரம்பூர்க்காரருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம், உண்டு. கொடுங்கையூர் பக்கத்தில் இருக்கிறது. நகரத்தின் வடபாதிக் குப்பையைப் பல தலைமுறைகளாகச் சுமந்த அந்த மேட்டின் வாசனையை மேல்காற்றும் வாடைக்காற்றும் மாறி மாறி விநியோகித்து வந்திருக்கின்றன. கட்டட இடிபாட்டை அரைத்துப் பிரிக்கும் ஆலைகளைச் சென்னைக் கார்ப்பரேஷன் இரண்டு இடங்களில் ஏற்படுத்தியபோது பெருங்குடி ஒன்று, கொடுங்கையூர் மற்றொன்று. ஒவ்வொன்றும் தினம் 400 டன் அரைக்கும் திறன் உள்ளதாக அமைக்கப்பட்டது. செங்கல்லும் கான்கிரீட்டும் அங்கே நொறுங்கி, சலிக்கப்பட்டு, கழுவப்பட்டு, ஜல்லியாகவும் மணலாகவும் வெளியே வரும்; நடைபாதைக் கல்லாகவும் வார்க்கலாம். டில்லியில் புராரி என்ற இடத்தில் 2009-லேயே இந்த வேலை ஆரம்பமாயிற்று. 2016-ல் திருத்திய இந்தியத் தரநிர்ணயம், இப்படிப் பிறந்த ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் நூற்றுக்கு 25 பங்கு வரையில் சேர்க்கலாம் என்று அனுமதித்துவிட்டது. ஆற்று மணலுக்கு நாடு படும் பாட்டை நினைத்தால் இது சிறிய விஷயம் அல்ல.

சட்டமும் இருக்கிறது. 2016 மார்ச்சு மாதம் மத்திய சர்க்கார் கட்டட இடிபாடுகளுக்கென்றே தனி விதிகள் வெளியிட்டார்கள். இடிபாட்டை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு. தெருவையும் சாக்கடையையும் அடைக்கக்கூடாது. ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன்னோ சேர்ந்தால் கான்கிரீட், மண், மரம்-இரும்பு-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நாலாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றெல்லாம் அவை கூறின. நம் ரயில்வேக்காரரின் சின்ன வீடே 17 டன் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2025-ல் இவற்றுக்குப் பதிலாகப் புது விதிகளைப் பிரசுரித்து, 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்று குறித்தார்கள். அவற்றின் பெரும் பளு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற பெரிய முதலாளிகள் தலையில் ஏறுகிறது. அது நியாயமே. ஆனால் கால்வாய்க்குப் பெரிய முதலாளியின் செங்கல்லும் ஒன்றுதான், சின்ன வீட்டுக்காரரின் செங்கல்லும் ஒன்றுதான். சின்ன வீட்டுக்காரருக்கு வழி சொல்ல வேண்டியது கார்ப்பரேஷன். 1913 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், அல்லது 'நம்ம சென்னை' செயலியில் எழுதினால், இடிபாட்டை எங்கே சேர்ப்பது, எடைக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்பதற்கு உரிய நாள் கடப்பாரை விழுவதற்கு முந்தின நாள். வாசலில் மலை எழுந்த பிறகு கேட்டால் பதில் எதுவாயிருந்தாலும் ராத்திரி வண்டியே ஜயிக்கும்.

கட்டணம் என்றதும் முகம் சுளிக்கவேண்டியதில்லை. 17 டன்னையும் கொடுங்கையூருக்கு அனுப்பவேண்டும் என்று யார் சொன்னது? பிரிக்கிற விதத்தில் பிரித்தால் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே விலையாகிவிடும். பழைய சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. ஸிமெண்டு கல்லைக் கவ்விக்கொண்டால் விடாது. கல் உடையுமே தவிரக் கழலாது. சுண்ணாம்புச் சாந்தோ கொத்துக் கரண்டியால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆகவே டெரஸில் அடுக்கிய சிறு செங்கல், கூட்டிக் குறைத்து எட்டாயிரம் ஒன்பதாயிரம் இருக்கும், அதில் நல்ல பங்கு முழுசாகவே வரும். பழைய வீடுகளைச் செப்பனிடுகிறவர்கள் இந்தக் கல்லைத் தேடி அலைகிறார்கள். புதிதாக வார்ப்பவர் அருமை. முழுத் தட்டோடும் அப்படியே. உடைந்த செங்கல்லும் காரையும் புது வீட்டு அஸ்திவாரக் குழிக்கும் தரைக்கும் நல்ல நிரப்பு. தேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அது வீட்டு அம்மாளுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்லலாம். 'இடிப்பதற்குக் கூலி வேண்டாம், மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று யாராவது வந்து தாராளம் காட்டினால் மரத்தைக் கன அடிக் கணக்கில் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு நன்றி சொல்லுங்கள்.

மங்களூர் ஓடு இன்னும் எளிது. 1865-ல் பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆரம்பித்த தொழில் அது. 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு. ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக் கிடப்பதால் ஆணி பிடுங்கும் வேலைகூட இல்லை. கையால் எடுத்து, சங்கிலி போல் நின்று, கைமாற்றி இறக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு ஓடு மறுபடியும் கூரை ஏறும். மேலிருந்து வீசினால் நூறும் சல்லி.

ஆனால் இதற்கெல்லாம் ஆதாரமான காரியம் கீழே நடப்பதல்ல, மேலே நடப்பது. தளத்தைச் சம்மட்டியால் பிளந்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிய பிறகு பிரிப்பது என்பது சாம்பார் வைத்த பிறகு பருப்பைத் தனியாக எடுப்பது போன்றது. முதலில் தட்டோடு, பிறகு ஜல்லித் தளம், பிறகு செங்கல், கடைசியில் மரம். இந்த வரிசை சிக்கனத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது. முன்பே சொன்னபடி அந்தச் செங்கற்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒரு இடத்தில் திறந்தால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போய்விடும். அதன்மேல் ஆள் நின்றால் ஆளும் கல்லும் சேர்ந்து கூடத்துக்கு வருவார்கள். சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு, பலகைமேல் நின்று, பட்டை பட்டையாகப் பின்வாங்கிக்கொண்டே பிரிக்கவேண்டும். உடைத்ததை மீதித் தளத்தின்மேல் குவிக்கவே கூடாது. நூறு வருஷம் தின்ற மரம் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று எந்த மேஸ்திரி சத்தியம் செய்தாலும் நம்பக்கூடாது. தகரச் சறுக்கு ஒன்று வைத்துவிட்டால் சித்தாளின் ஆயிரத்து நூறு நடையில் பெரும் பகுதி மிச்சம். தண்ணீர் தெளித்துக்கொண்டே இடித்தால் அவர்கள் நெஞ்சில் புழுதி சேராது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் இருமாது.

நாலு விதத்தில் மூன்றாவதை இதுவரை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. கல்நார்த் தகட்டைப் பற்றிப் பேசும்போது சிரிப்புக்கு இடமில்லை.

பின்கட்டு, சமையற்கட்டு, குடக்கூலிக்கு விடும் மாடி அறை, பட்டறை, ஆலைத் தொழிலாளர் வசித்த வரிசை வீடுகள் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் அலை அலையாகக் கிடக்கிறதே, அதில் ஸிமெண்டோடு கல்நார் இழை கலந்திருக்கிறது. தகடு அசையாமல் முழுசாக இருக்கும் வரையில் இழை உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். உடைத்தாலும், அறுத்தாலும், துளைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத முள்ளாகக் காற்றில் ஏறும். சுவாசத்தோடு உள்ளே போனது வெளியே வருவதில்லை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. தொழிலிடத்தில் இதைச் சுவாசித்ததனால் உலகத்தில் வருஷந்தோறும் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். ஆகவே இன்று தகட்டை உடைக்கிற பையன் இன்று இருமமாட்டான். "ஒன்றும் ஆகவில்லையே" என்று மேஸ்திரி சொல்வது முழு உண்மை; அதுதான் பயங்கரம். அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் கல்நாரைத் தடுத்துவிட்டன. அமெரிக்காவும் 2024 மார்ச்சில், அதுவரை அங்கே மிஞ்சியிருந்த வெள்ளைக் கல்நாரைத் தடுத்தது. நம் தேசத்தில் சுரங்கங்களுக்குக் குத்தகை புதுப்பிப்பதை நிறுத்தினார்கள். வெளிநாட்டுக் கல்நார் கப்பலில் வருவதைத் தடுக்கவில்லை. தோண்டக்கூடாத விஷத்தை விலை கொடுத்து வாங்கலாம் என்ற இந்தத் தர்க்கம் சாதாரண மூளைக்கு எட்டுவதாக இல்லை.

தகட்டைக் கழற்றுவதற்கு முறை இருக்கிறது. முதலில் நன்றாக நனைக்கவேண்டும். கொக்கிப் போல்ட்டுகளைச் சாவி போட்டுத் திருகி எடுக்கவேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றக்கூடாது. தகட்டின்மேல் நேரே கால் வைக்கக்கூடாது. பழைய தகடு சொல்லாமல் கொள்ளாமல் முறியும். முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் கட்டி, செங்கல்லோடு கலக்காமல் தனியாக வைக்கவேண்டும். முகத்துக்குக் கைக்குட்டை போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். வேலை செய்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து உதறக்கூடாது. கீழே விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிவிடவேண்டும்.

கட்டியதை எங்கே சேர்ப்பது? ஆலைகளின் அபாயகரமான கழிவைப் புதைப்பதற்கென்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தனி இடம் இருக்கிறது. ஆனால் அது ஆலைகளின் ஏற்பாடு. பத்துத் தகட்டோடு ஒரு குடும்பஸ்தர் போய் வரிசையில் நிற்கும் இடம் அல்ல. கார்ப்பரேஷனில் எழுத்து மூலம் கேட்டு, 'இது கல்நார்த் தகடு' என்று குறித்துத் தனியாக எடுத்துப்போகச் செய்வதே வழி; இழுபறி இருக்கும். வட்டத்துக்கு ஒரு நாளாவது இந்தத் தகட்டுக்கென்றே வண்டி அனுப்பும் ஏற்பாடு வந்தால் பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் முழுவதும் எத்தனையோ பின்கட்டுகள் மூச்சு விடும். வார்டு கவுன்ஸிலரிடம் விளக்குக் கம்பம் கேட்கிறோம், இதையும் கேட்கலாம்.

அதற்கிடையில் மிகச் சுலபமான வழி ஒன்று உங்கள் வாசலுக்கே வரும். யாரோ ஒருவர், பெரும்பாலும் மிகவும் ஏழை, "ஐயா, அந்தப் பழைய ஷீட்டை எனக்குக் குடுத்துடுங்க, குடிசைக்குப் போட்டுக்கறேன்" என்று கேட்பார். கொடுத்தால் புண்ணியம் போலத் தோன்றும். அவர் அதைத் தன் அளவுக்கு அறுப்பார், துளைப்பார். அடியில் அவர் குழந்தைகள் படுத்திருக்கும். மங்களூர் ஓடு இருந்தால் அதைக் கொடுங்கள். நல்ல தகரம் வாங்கிக் கொடுக்க முடிந்தால் இன்னும் சிலாக்கியம்.

வேலையைப் பங்குனி சித்திரையில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்கு முன் மேலே ஏதாவது ஒன்று ஏறிவிடும். ஒப்பந்தக் காகிதத்தில் கூலி, ஸிமெண்டு, கம்பி எல்லாம் எழுதிய பின் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். இடிபாடு அன்றன்றைக்கு எடுக்கப்படும் என்பது ஒன்று. அது போய்ச் சேர்ந்த இடத்தின் எடைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகே கடைசித் தவணை கொடுக்கப்படும் என்பது மற்றொன்று. இரண்டாவது வரியைப் படித்ததும் மேஸ்திரி சிரிப்பார். நீங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டிச் சத்தம் கூட ஆகும் என்பார். கொடுத்துவிடலாம், தேக்கு விற்ற பணம்தான் இருக்கிறதே.